வீட்டு அம்பாசடரைப் புதுப்பிப்பதா, புதிதாகத் தார் எடுப்பதா?

கொட்டகையில் தாத்தாவின் அம்பாசடர் துணி போர்த்தி நிற்கிறது. கையில் பத்துப் பதினைந்து லட்சம் சேர்ந்திருக்கிறது. அந்த வண்டியை முழுதாகப் பிரித்துக் கட்டலாமா, அல்லது மலைக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்ற புது மஹிந்திரா தார் ஒன்றை எடுக்கலாமா? இந்தக் குழப்பத்தோடு கேட்கிறவர்கள் பலர். வீட்டில் பழைய கார் இல்லாவிட்டாலும், வெளியே தேடியாவது ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று துடிக்கிறவர்களும் இதில் உண்டு.

எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பழைய கார் வேண்டுமென்றால் காரைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டுமென்றால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதை ஓட்டப்போகும் பாதையைப் பாருங்கள். இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்தவர்கள்தான் ஓரிரு வருடத்தில் வண்டியை விற்க ஆள் தேடுகிறார்கள்.

இங்கே நான் ஒப்பிடுவது அறுபது, எழுபதுகளின் பெட்ரோல் அம்பாசடரையும் இப்போது ஷோரூமில் கிடைக்கும் மூன்று கதவுத் தாரையும். பழைய கார் என்றால் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்கூடத்தான். ஆனாலும் நம் வீடுகளில் அதிகம் மிஞ்சி நிற்பதும், உதிரிபாகம் ஓரளவு எளிதாகக் கிடைப்பதும் அம்பாசடருக்குத்தான். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரிலிருந்து பிறந்த இந்த வண்டி, உத்தரபாராவில் 2014 வரை தயாரானது.

## எதை வைத்து எடை போடுவது

வண்டி தினமும் ஓடுமா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா? அதில் யார் யார் உட்காரப் போகிறார்கள்? எந்தப் பாதையில்? ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பார்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகிதம் எந்த நிலையில் இருக்கிறது? வாங்கும் விலைக்கு மேல் ஐந்து வருடத்தில் எவ்வளவு கரையும்? இவை போக, எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. தாத்தாவின் ஞாபகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

## பிரேக்கும் உயிரும்

அந்தக் கால அம்பாசடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் கிடையாது. சமவெளியில் நிதானமாக ஓட்டினால் அது போதும். மலை இறக்கத்தில்தான் சங்கடம். தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கின் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள் கொஞ்சமல்ல. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடாமல் தடுப்பது அதனால்தான். பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த வழி இன்றைக்கும் சரியானது: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. இந்தப் பழக்கம் கைவராதவர் அம்பாசடரை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஃபோர் பை ஃபோர் தாரில் மண்ணும் கல்லுமான செங்குத்து இறக்கத்துக்கென்றே லோ ரேஞ்ச் என்ற கூடுதல் கியர் அமைப்பு இருக்கிறது, காய்ந்த தார்ச்சாலைக்கு அது அல்ல. அதைப் போட்டு முதல் கியரில் விட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் இறக்கும். காலைப் பிரேக்கில் வைக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், கூடவே சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., முன்னால் இரண்டு ஏர்பேக். 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவிலும் நான்கு நட்சத்திரம் வாங்கிய வண்டி இது.

‘அம்பாசடர் தகடு தடிமன், இடித்தால் எதிர்வண்டிதான் நசுங்கும்’ என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள். நசுங்காத தகடு மோதலின் வேகத்தை உள்ளே இருப்பவர்களிடம் அப்படியே தள்ளிவிடும். புது வண்டிகளின் முன்பகுதி நசுங்குவது, அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்வதற்காக. பழைய அம்பாசடரில் ஏர்பேக் இல்லை, மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டு இல்லை, பெரும்பாலானவற்றில் சீட் பெல்ட்டே இல்லை. பெல்ட் பொருத்திக்கொள்ளலாம், அவசியம் பொருத்துங்கள். அப்போதும், சின்னக் குழந்தைகளோடு நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் வண்டி அதுவல்ல. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

## யார் உட்காரப் போகிறார்கள்

இங்கே அம்பாசடர் ஜெயிக்கிறது. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் மாடலென்றால் முன்னாலும் ஒரே நீளச் சீட். முழங்கால் வலி உள்ள பாட்டி, புடவையை அதிகம் தூக்காமல் ஏறி உட்கார்ந்துவிடலாம். கதவும் அகலம், சீட்டும் சரியான உயரம்.

தாரில் நான்கே பேர். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்து, உடம்பை வளைத்து உள்ளே நுழைய வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 226 மி.மீ. இடைவெளி, படி இல்லாமல் ஏறுவது பெரியவர்களுக்குச் சிரமம். நாலு பேரும் உட்கார்ந்தபின் பெட்டி வைக்க இடம் பெயரளவுக்குத்தான். வீட்டில் ஒரே கார்தான் இருக்கப்போகிறது என்றால் மூன்று கதவுத் தார் பலருக்குச் சரிப்பட்டு வராது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கிறது. மாருதி ஜிம்னியும் ஐந்து கதவு வண்டிதான். அதிலும் நான்கு சீட்டுதான் என்றாலும் எடை குறைவு, எல்லா மாடலிலும் ஃபோர் பை ஃபோர் உண்டு.

ஏ.சி. பற்றியும் ஒரு வார்த்தை. 1489 சி.சி. எஞ்சின், சுமார் ஐம்பது குதிரைத்திறனில் இழுக்கும் வண்டி அம்பாசடர். வெளியே வாங்கிப் பொருத்தும் ஏ.சி. கம்ப்ரஸர் அந்தச் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மதுரை சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது ரேடியேட்டர் முள் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

## எந்தப் பாதை

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. இரண்டுமே தார்ச்சாலை, இரண்டிலும் அரசுப் பேருந்து போகிறது, அம்பாசடர் டாக்சிகள் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கியிருக்கின்றன. மலைக்குப் போவதற்கு மட்டும் ஃபோர் பை ஃபோர் தேவையில்லை. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய இடங்கள் வேறு: மழைக்கால எஸ்டேட் மண்பாதை, ஆற்று மணல், உழுத வயல், உருளைக்கல் நிறைந்த ஏற்றம்.

அப்படிப்பட்ட பாதை உங்களுக்கு எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது குற்றம். முதுமலையிலும் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் ரோட்டை விட்டு இறங்கி ஓட்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கொழுக்குமலைக்கு சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்பை வாடகைக்குப் பிடித்துத்தான் போகிறார்கள். மிச்சம் இருப்பது சொந்தத் தோட்டம், தெரிந்தவர் எஸ்டேட், ஏற்பாடு செய்து நடத்தும் ஆஃப்ரோடு களம். இவற்றில் ஒன்றாவது மாதம் ஒருமுறை வாய்க்கும் என்றால் தாரின் ஃபோர் பை ஃபோருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. வருடத்துக்கு ஒரு மலைப்பயணம் மட்டும் என்றால், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 1.5 லிட்டர் டீசல் தாரே போதும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2015-இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் என்ன நடந்தது என்று தெரியும். தார் 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று கம்பெனி சொல்கிறது. முழங்காலுக்குச் சற்று மேல். மெதுவாக, நிற்காமல் போனால்தான் அது. தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் சாதாரண இன்சூரன்ஸ் தராது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

## டேங்குக்குள் போகும் எரிபொருள்

பழைய கார் வைத்திருப்பவர்களை இன்று அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அம்பாசடரின் எரிபொருள் குழாய்கள், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாம் எத்தனாலைப் பற்றிக் கேள்விப்படாத காலத்து ரப்பர். அவை ஊறி, உப்பி, விரிசல் விடும். குழாய் கசிந்து சூடான எஞ்சின் மேல் சொட்டினால் விபரீதம். இன்னொன்று, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் காரில் தண்ணீர் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். கலவையும் மெலிந்துபோகும் என்பதால் கார்புரேட்டரைத் திரும்ப டியூன் செய்ய வேண்டிவரும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. எத்தனால் தாங்கும் குழாய்களையும் டயஃப்ரத்தையும் ஒரே வீச்சில் மாற்றிவிட வேண்டும். டேங்கைக் கழுவி உள்பூச்சுப் பூச வேண்டும். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றபோதும் பழைய எஞ்சின்களுக்கு இதே மாதிரிப் பிரச்சினை வந்தது. வால்வு சீட்டுகள் தேய்ந்தன. ஹெட்டை இறக்கிக் கடினமான சீட்டுகள் போட்டவர்கள் தப்பித்தார்கள். நீங்கள் வாங்கப்போகும் காரில் அது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தாருக்கும் இந்தத் தலைப்பில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. டீசல் எடுத்து, தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஆபீசுக்கு மட்டும் ஓட்டினால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, வேகமான ஓட்டம் தேவை. ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் பெட்ரோல் தாரை எடுப்பதே நல்லது. ஆனால் டிராஃபிக்கில் அது லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் தருவதே கடினம். எரிபொருள் செலவைக் காட்டி அம்பாசடரை நிராகரிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

## மெக்கானிக், ஸ்பேர்

அம்பாசடரின் பலம் அதன் எளிமை. கான்டாக்ட் பாயின்ட், கண்டென்சர், கார்புரேட்டர், டைனமோ. திறமையான கை இருந்தால் ரோட்டோரத்திலேயே ஓட வைத்துவிடலாம். இதன் பி சீரீஸ் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பிரிட்டனின் எம்.ஜி.பி. காரும் என்பதால், இங்கே கிடைக்காத சில பாகங்களை அங்கிருந்து வரவழைக்கலாம். சென்னையில் புதுப்பேட்டை, கோயம்புத்தூரில் பழைய பட்டறைகள். இரண்டு ஊரிலும் அம்பாசடரைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதில்லை. உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அப்படி ஒருவர் இல்லையென்றால், நீங்களே ஸ்பேனர் பிடிக்கப் பழக வேண்டும். அதில் மகிழ்ச்சி காண்பவருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை.

எஞ்சினைவிடப் பெரிய செலவு துருவில் இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, கால் வைக்கும் தரை, ஸ்பிரிங் கட்டும் இடம் இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் எந்தப் பழைய காரையும் வாங்காதீர்கள். மேலே பளபளக்கும் பெயிண்டுக்குக் கீழே பட்டி மட்டும் இருக்கலாம். டிங்கரிங் வேலை தொடங்கிவிட்டால் எத்தனை மாதம் ஆகும் என்று பட்டறைக்காரரால்கூடச் சொல்ல முடியாது.

தாருக்கு இந்தக் கவலை இல்லை. சர்வீஸ் சென்டர் எங்கும் உண்டு, வாரண்டி உண்டு. ஆனால் வாங்கிய மறுமாதமே பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் இரும்பு பம்பர் என்று மாற்றத் தொடங்கினால் வாரண்டிக்கு வில்லங்கம். வண்டியைக் கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரும்பு கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலிருந்தே மத்திய அரசின் தடை இருக்கிறது.

## ஆர்.சி. புக்கும் எஃப்.சி.யும்

பழைய காரில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கிப் பெயர் மாற்றியபிறகே செலவைத் தொடங்குங்கள். வண்டியைப் புதுப்பித்தபின் சித்தப்பா வந்து பங்கு கேட்ட குடும்பங்கள் உண்டு.

அடுத்தது எஞ்சின் நம்பர். எண்பதுகளுக்குப் பிறகு எத்தனையோ அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள். அது ஆர்.சி.யில் ஏறாவிட்டால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்காது. 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025-இல், 20 வருடம் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி தனி.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் வண்டியாகப் பதிந்துகொண்டால் பதிவு பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டியின் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம், எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் மெட்ராஸ் நம்பரைப் பொக்கிஷமாகக் காப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பாடி, சேசிஸ், எஞ்சின் மூன்றும் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். அதோடு கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

## பணம்

தாரின் ஷோரூம் விலை பத்து லட்சத்தை ஒட்டி ஆரம்பித்து பதினேழு லட்சம் வரை போகிறது. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 14 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் இரண்டரை லட்சம். இன்சூரன்ஸையும் கூட்டிப் பாருங்கள். விளம்பர விலையை நம்பிக் கடன் போட்டவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். ஆறுதல் என்னவென்றால், இந்தச் செலவு முன்கூட்டியே தெரியும், தாருக்கு மறுவிற்பனை மதிப்பும் நன்றாக இருக்கிறது.

அம்பாசடரில் அப்படித் தெரியாது. பட்டறைக்குப் போனபின் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் மனதில் நினைத்த தொகைக்கு மேல் அதில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள் என்பேன். வெகு சில அபூர்வ மாடல்களைத் தவிர, செலவழித்த பணம் விற்கும்போது திரும்ப வராது.

| எதில் | பழைய அம்பாசடர் | தார் ஃபோர் பை ஃபோர் |
|---|---|---|
| பாதுகாப்பு | மிகக் குறைவு | நன்று |
| பெரியவர்கள் ஏறி இறங்க | எளிது | சிரமம் |
| தார்ச்சாலை மலைப்பயணம் | பழகிய கைக்கு முடியும் | எளிது |
| சேறு, மணல், வெள்ளம் | வேண்டாம் | இதற்கென்றே ஆனது |
| ரிப்பேர் | எளிய எஞ்சின், அரிய மெக்கானிக் | சர்வீஸ் சென்டர் |
| காகித வேலை | அதிகம் | 15 வருடத்துக்குக் கவலை இல்லை |
| செலவு | முன்கூட்டித் தெரியாது | அதிகம், ஆனால் தெரிந்தது |
| உங்கள் நேரம் | நிறையக் கேட்கும் | குறைவு |

## யாருக்கு எது

வீட்டில் வேறு ஒரு நல்ல கார் இருக்கிறது, நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார், ஆர்.சி. சுத்தம், அடித்தகட்டில் துரு குறைவு. இந்த நான்கும் சேர்ந்தால் அம்பாசடரைத் தயங்காமல் புதுப்பியுங்கள். வீட்டுக் கார் என்றால் இன்னும் நல்லது. அதன் முழு வரலாறும் உங்களுக்குத் தெரியும். நான்கில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். வீட்டின் ஒரே காராக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டமோ எஸ்டேட்டோ உள்ளவர், மழையில் பாதை துண்டிக்கப்படும் ஊரில் இருப்பவர், ஆஃப்ரோடு ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே கற்க நினைப்பவர், இவர்களுக்கு ஃபோர் பை ஃபோர் தார். குடும்பம் பெரிது என்றால் ராக்ஸ்.

இரண்டு ஆசையும் ஒருசேர உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: பழைய மஹிந்திரா ஜீப். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய அதே கம்பெனிதான் இன்று தாரைச் செய்கிறது. இடையில் வந்த சி.ஜே.3பி.யும் எம்.எம்.540-உம் இன்னும் மலையூர்களில் உழைக்கின்றன. பழைய வண்டியின் எளிமையும் லோ ரேஞ்சும் அதில் சேர்ந்து இருக்கும். பாதுகாப்பு மட்டும் அம்பாசடரைவிடவும் மோசம். ராணுவ ஏலத்தில் எடுத்தது, இரண்டு வண்டியைச் சேர்த்துக் கட்டியது என்று வருபவற்றில் சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அம்பாசடர் பக்கம் முடிவு செய்தவர்கள் செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்: காகிதம், பிரேக், எரிபொருள் குழாய்கள், ஒயரிங், டயர், அடித்தகடு, எஞ்சின். பெயிண்டும் சீட் கவரும் இவையெல்லாம் முடிந்தபிறகு. தார் பக்கம் முடிவு செய்தவர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் வயதில் மூத்தவரை அழைத்துப் போய்ப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு புக்கிங் பணத்தைக் கட்டுங்கள்.